திரி பருத்தாலும் குற்றம், மெலிந்தாலும் குற்றம்

டுசல்டோர்ஃப்,
ஒக்டோபர் மாத ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

ஸ்டுட்கார்ட்டில் சுகமாக இருந்துகொண்டு மற்றவர்களின் சுகத்தைக் கெடுத்துவரும் மச்சான் ஜெசிந்தனுக்கு, உமது அக்கா பிளோறன்ஸைக் கட்டியதைத் தவிர உமக்கு வேறொரு தீங்கும் செய்யாத அத்தான் யோசப் எழுதிக்கொள்வது.

மாதாவின் கிருபையால் இங்கு யாவரும் நலம். நீரும் நலமாகவே இரும். இந்தக் கடிதத்தை முழுவதுமாக வாசித்து முடிக்க உமக்குத் தெம்பு வேண்டும். ஃபோனில் சொல்லலாமே என்பீர். சொல்லத் தொடங்கினால் சிரிக்கிறீர். குரல் பதிந்து அனுப்பினால் அதை வேலையிடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறீர் என்று கேள்வி. ஆகையால் தாளில் எழுதுகிறேன். தாளைப் பார்த்து நீர் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உயிர்த்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் உமது மருமகள் லாரா, தான் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னாளே, அந்தச் சந்தோஷம் தாங்காமல் நான் செய்த முதல் வேலை பால்கனிக்குப் போய் ஒரு சிகரட்டைப் பற்றவைத்ததுதான். மனிதன் துக்கத்துக்குப் பற்றுகிறான், சந்தோஷத்துக்கும் பற்றுகிறான், இரண்டும் இல்லாவிட்டால் பொழுது போகவில்லை என்று பற்றுகிறான். திரும்பி வந்து பிள்ளையின் நெற்றியில் கொஞ்சப் போனேன். அவள் ஒரு கையால் மூக்கையும் மற்றக் கையால் என் நெஞ்சையும் பிடித்தாள். "அப்பா, சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. உந்த மணத்தோட பிள்ளையைத் தூக்க விடமாட்டன். தூக்கவேணுமெண்டா சிகரட்டை விடுங்கோ. விட ஏலாதெண்டா தூர நிண்டு பாருங்கோ" என்றாள். பிளோறன்ஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கலியாணம் கட்டின நாளில இருந்து நான் இதைத்தான் சொல்லுறன். நான் சொன்னா இருமுறார். மகள் சொன்னா முழிக்கிறார்" என்றாள். மருமகன் ஜோன்சன் நல்ல பிள்ளை. தட்டைப் பார்த்தபடி சோறு குழைத்தான். நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். சத்தியம் திங்கட்கிழமை வரை நின்றது.

அந்த நேரத்தில்தான் நீர் ஃபோன் எடுத்தீர். நீர் சொன்னதை நான் மறக்கவில்லை, செத்தாலும் மறக்கமாட்டேன். "அத்தான், கடையில விக்கிற, குடிச்சுப்போட்டு எறியிற மின்சிகரட்டெல்லாம் சரிவராது. நாங்களே சுருள் சுத்தி, நாங்களே திரி வைச்சு, நாங்களே வலுவைப் போட்டு இழுக்கிற டாங்க் ஒண்டு இருக்கு. நான் அதிலதான் சிகரட்டை விட்டனான். அனுப்பிவிடுறன். சிம்பிள்."

சிம்பிள்! உமது பார்சலை மேசையில் பிரித்தேன். உள்ளே செங்கல் அளவில் ஒரு பற்றரிப் பெட்டி, பெருவிரல் அளவில் ஒரு கண்ணாடி டாங்க், கடுகு போன்ற ஆணிகள், அதற்கேற்ற குட்டித் திருகி, ஒரு பக்கெட் பஞ்சு. எப்படிப் பூட்டுவது என்று ஒரு தாள்கூட இல்லை. கேட்டதற்கு, "பூட்டப் பூட்டத் தானாய் விளங்கும் அத்தான்" என்றீர். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கம்பியைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் செய்யவேண்டும். அந்தச் சுருளின் வயிற்றுக்குள்ளால் பஞ்சைத் திரியாக நுழைக்கவேண்டும். திரியின் இரண்டு வாலும் டாங்கின் துளைகளுக்குள் இறங்கி அங்குள்ள வாசனைத் திரவத்தைக் குடித்துக்கொண்டிருக்கவேண்டும். பொத்தானை அமத்தினால் கம்பி சூடாகி, பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகி வரும். இது விளங்குவதற்குள் ஒரு ஆணி பிளோறன்ஸின் தேங்காய்ச் சம்பலுக்குள் விழுந்து, அன்று முழுவதும் வீட்டில் எவரும் பல்லை நம்பிச் சாப்பிடவில்லை.

எனக்குச் சுருள் சுற்ற வரவில்லை. சுற்றிய சுருளாக வாங்கலாம் என்று ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். காதில் வளையம் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெடியன் நின்றான். சுருள் வேண்டும் என்று டொச்சில் சொன்னேன். அவன் மரியாதையாக, "ஓம்?" என்று கேட்டான். மச்சான், இத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு வெள்ளைக்காரன் என்னோடு தமிழில் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நானும் ஆமாம் என்று தலையை ஆட்டி, "ஓம்" என்றேன். அவன் மறுபடியும், "எத்தனை ஓம்?" என்று டொச்சில் கேட்டான். பெடியனுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும் போலிருக்கிறது, பாவம், ஆசைப்பட்டுக் கதைக்கிறான் என்று நினைத்து, நன்றாக அழுத்தி, "ஓம், ஓம்" என்றேன். அவன் இரண்டு விரலைக் காட்டினான். நானும் சிரித்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினேன். தலைமயிர் தடிப்பில் கம்பி சுற்றிய சுருள்களைத் தந்து அனுப்பினான். ஓம் என்பது கம்பியின் தடையை அளக்கிற அளவு என்பதும், நான் இரண்டு ஓம் சுருள் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்பதும், அப்படிப்பட்ட மெல்லிய சுருளுக்குப் பூனைக்குப் பால் வைக்கிற மாதிரிக் கொஞ்சமாகத்தான் வலுக் கொடுக்கவேண்டும் என்பதும் எனக்கு யார் சொன்னது? நீர் சொன்னீரா?

வீட்டுக்கு வந்து சுருளைப் பூட்டினேன். பஞ்சு கூடினால் ருசி கூடும் என்ற எண்ணத்தில், தலையணைக்குள் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைத்தேன். வலுவைப் பார்த்தால் பெட்டி எண்பது வாட் வரைக்கும் போகும் என்றது. உச்சத்துக்குப் போகப் பயந்து, அடக்கமாக எழுபதில் விட்டேன். குசினிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, சிலுவை அடையாளம் போட்டு, பொத்தானை அமத்தி இழுத்தேன்.

மச்சான், தொண்டைக்குள் இறங்கியது ஆவியில்லை, எரிந்த தலையணை. கண்ணால் தண்ணி, மூக்கால் தண்ணி. பஞ்சு கருகின புகை குசினிக் கூரையில் ஏற, புகைக்குக் கத்துகிற பெட்டி கத்தத் தொடங்கிவிட்டது. நான் தும்புத்தடியை எடுத்து அதன் தலையில் அடிக்க, அது விழுந்து கிடந்தும் கத்தியது. மேல்வீட்டு ஃப்ராவ் கெஸ்லரைத் தெரியுமல்லவா? எங்கள் வீட்டில் கடுகு வெடித்தாலே யன்னலைத் திறந்து பார்க்கிற மனுசி. அவ தீயணைப்புப் படைக்கு அடித்துவிட்டா. சிவப்பு வாகனம் வந்து வாசலில் நின்றது. தலைக்கவசமும் கோடரியுமாக ஆட்கள் ஏறி வர, உமது அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ!" என்று அவர்களுக்குத் தமிழில் கட்டளை போடுகிறாள். கோடரியோடு நின்றவன் கழற்றினானே, அதைத்தான் சொல்லவேண்டும்.

வந்தவர்களில் நெட்டையான ஒருவன் மேசையில் இருந்த டாங்கைக் கண்டான். எடுத்து மணந்தான். பெட்டியில் எழுபது என்ற எண்ணைப் பார்த்தான். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு தலைக்கவசத்தோடே கதிரையில் இருந்து, கருகின பஞ்சைக் குறட்டால் இழுத்து எடுத்து, வலுவைத் தன் கையாலேயே பன்னிரண்டுக்கு இறக்கிவைத்து, எனக்கு ஒரு விரலை ஆட்டி ஆட்டிப் புத்தி சொன்னான். தானும் இதைத்தான் இழுக்கிறானாம். "வெனிகர் வாட்ட, வெனிகர் வாட்" என்றான். வெனிகர் என்றால் குறைவு, வாட்ட என்றால் பஞ்சு, அது எனக்குத் தெரியும். வாட் என்பதும் வாட்ட என்பதும் என் காதில் ஒன்றாகவே விழுந்தன. பஞ்சைக் குறை, பஞ்சைக் குறை என்று இரண்டு தரம் சொல்கிறான், அவ்வளவு முக்கியம் போல என்று நினைத்துக்கொண்டேன். அவன் சொன்னது பஞ்சையும் குறை, வலுவையும் குறை என்பது. வலுவைத்தான் அவனே குறைத்துவிட்டானே. போகிறபோது பிளோறன்ஸ் ஆளுக்கு இரண்டு கட்லற் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். ஃப்ராவ் கெஸ்லர் படியில் நின்று பார்த்த பார்வையில், அடுத்த முறை தானும் எதையாவது கொளுத்தலாமா என்ற யோசனை தெரிந்தது.

இரண்டு தரம் சொல்லப்பட்ட புத்தியை நான் இரண்டு மடங்காகக் கேட்டேன். அடுத்த திரிக்குப் பஞ்சை நூலாக்கினேன். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஸ்ரோபெரி ருசி. நீர் ஒருநாளாவது சொன்னீரா, திரி மெலிந்தால் துளை மூடாது, துளை மூடாவிட்டால் டாங்கிலுள்ளதெல்லாம் கீழே இறங்கும் என்று? அந்த ஞாயிறு சம்பந்தி வீட்டில் சாப்பாடு. ஜோன்சனின் தாயைத் தெரியும்தானே, வீட்டைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்ட மனுசி. டாங்கைக் காற்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு போனேன். சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருந்துகொண்டு, "நான் ஒரு மருந்தும் பாவிக்கேல்லை, ஒரு மெஷினும் பாவிக்கேல்லை, மனவுறுதி ஒண்டாலேயே விட்டனான்" என்று கொஞ்சம் கூடுதலாகக் கதைத்துவிட்டேன். கதைத்து முடித்துப் பாலாடை நிறச் சோபாவிலிருந்து எழும்பினேன்.

எல்லாரும் என் காற்சட்டையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முன்பக்கம் ஒரு கை அகலத்துக்கு ஈரம். சோபாவில் அதன் தங்கை. நான் என்ன சொல்வது? மெஷின் ஒழுகினது என்றால் மனவுறுதி பொய். மெஷின் இல்லை என்றால் ஒழுகினது நான். மச்சான், ஒரு கணம் யோசித்தேன். மானம் இரண்டு பக்கமும் போகிறது. எந்தப் பக்கம் மெதுவாகப் போகிறது என்றுதான் பார்க்கவேண்டியிருந்தது. மெஷினைப் பையோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா பிளோறன்ஸின் காதுக்குள் குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்ணைக்குச் சீனி வருத்தமோ? இனிப்பு மணமெல்லோ வருகுது."

அதற்குப் பிறகு நடந்ததுக்கு நீர்தான் பொறுப்பு. இந்த நாட்டில் சலக்குழாய் டொக்டரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுக்கவேண்டுமென்றால் மனிதன் அடுத்த கோடைவரை அடக்கிக்கொண்டிருக்கவேண்டும். ஜோன்சன் ஆரையோ பிடித்து, பதினைந்து நாளில் எனக்கு டெர்மின் எடுத்துவிட்டான். நான் பிளோறன்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "பிள்ளை ஓடித்திரிஞ்சு எடுத்த டெர்மின். வருத்தம் இருக்கோ இல்லையோ, போய்க் காட்டிப்போட்டு வாங்கோ" என்றாள். போனேன். அந்த மேசையில் எப்படிக் கிடந்தேன், டொக்டர் எந்தக் கையுறையை எப்படி மாட்டினார் என்பதையெல்லாம் எழுதமாட்டேன். இந்தத் தாளுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. கடைசியில் அவர், "உங்களுக்கு நாற்பது வயதுக்காரனின் உறுப்பு" என்று கைகுலுக்கினார். வெளியே காத்திருந்த ஜோன்சனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பரவாயில்லையாம்" என்றேன்.

அன்று பின்னேரம் உமக்கு ஃபோன் எடுத்து நான் ஏசினது உமக்கு நினைவிருக்கும். நீர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்: "அத்தான், மூண்டும் ஒத்துப்போகவேணும். சுருள் மெல்லிசெண்டா வலு குறைய வேணும். சுருள் தடிச்சதெண்டா வலு கூட வேணும், ஆவியும் கூட வரும், அதுக்கேத்த மாதிரித் திரியும் கெதியாய்க் குடிக்க வேணும். திரி சுருளுக்குள்ளை இழுக்கேக்கை கொஞ்சம் இறுக்கமாய் வரவேணும். வால் துளையை மூடவேணும், ஆனா அடைக்கக் கூடாது. நீங்கள் மெல்லிசை விடுங்கோ, நான் தடிச்ச சுருள் அனுப்புறன்." இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தீயணைப்பு வாகனமும் ஒரு டொக்டரின் கையுறையும் மிஞ்சியிருக்கும். அனுப்பினீர். பேனைக் குழாய் மாதிரி ஒரு சுருள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. திரியை இழுத்துப் பார்த்தேன், வாலை வெட்டினேன், சீவினேன், துளையில் படுக்கவைத்தேன். ஒழுகவில்லை, கருகவில்லை. எழுபது வாட் இப்போதுதான் நியாயமான எண். ஆனால் வீட்டில் இழுத்துப் பார்க்கப் பயம், கூரையில் புதுப் பெட்டி பூட்டியிருந்தது. வெளிக்காற்றில் பார்ப்போம் என்று பொறுத்தேன். வெளிக்காற்று கிடைத்தது எங்கே? ஓகஸ்ட் மாதம், கேவலார் மாதா திருவிழாவில்.

பூசையெல்லாம் முடிந்து, எங்கள் பஸ்ஸில் சனம் ஏறி இருந்துவிட்டது. யாத்திரையை ஒழுங்குசெய்த சுகிர்தன், நாங்கள் கொண்டுவந்த மாதா சுரூபத்தை முன்சீட்டில் பட்டி போட்டு இருத்திக்கொண்டிருந்தான். லாரா ஏழு மாத வயிற்றோடு, மாதாவிடம் நேர்த்தி வைத்து வந்திருந்தாள். நான் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய், இயந்திரப் பக்கமாக மறைந்து நின்று, பொத்தானை அமத்தி, ஆறுதலாக ஒரு இழுவை இழுத்து, விட்டேன்.

உமக்குப் பெருமையாக இருக்கும், சொல்கிறேன்: எனக்கு என் கை தெரியவில்லை. வனிலா மணத்தோடு ஒரு வெள்ளை மலை என் வாயிலிருந்து எழும்பி, பஸ்ஸின் பின்கண்ணாடியை மூடி, கூரைக்கு மேலால் போனது. அந்த அழகில் மயங்கி இன்னொன்றும் விட்டேன். சாரதி கண்ணாடியில் பார்த்திருக்கிறான். பஸ் எரிகிறது என்று நினைத்து, "வெளியே! எல்லாரும் வெளியே!" என்று டொச்சில் கத்தினான். மச்சான், செபமாலையோடு இருந்த சனம், இடியப்பப் பார்சலோடு இருந்த சனம், நித்திரையாய் இருந்த சனம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது. சுகிர்தன் பெண்சாதியைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை, மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் பாய்ந்தான். ஒரு வயதான அம்மா அந்த மேகத்தைப் பார்த்து முழங்காலில் விழுந்து, "தாயே, காட்சி குடுக்கிறியோ!" என்று கையை விரித்தா. நான் மேகத்துக்குள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு லாராவைக் கண்டேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த உயரப் படியில் தடுமாறித் தடுமாறி இறங்குகிறாள். கீழே ஜோன்சன் பலாப்பழம் பிடிக்கப்போகிறவன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, முகம் வெளிறிப்போய் நிற்கிறான். அவளுடைய மற்றக் கால் நிலத்தில் படும்வரை எனக்கு மூச்சு இல்லை. ஒரு கால் வழுக்கியிருந்தால், மச்சான், நான் இந்தக் கடிதம் எழுத இருந்திருக்கமாட்டேன். மேகத்திலிருந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"பஸ்ஸுக்கு ஒண்டும் இல்லை. நான்தான்."

சாரதி என்னைப் பார்த்தான், கையிலிருந்த செங்கலைப் பார்த்தான், தன் மொழியில் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னான். பிளோறன்ஸ் ஒன்றுமே சொல்லவில்லை. அதன் அர்த்தம் தம்பியாகிய உமக்குத் தெரியும். சுகிர்தன் சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடி, "அண்ணை, உங்களுக்கெண்டு யன்னல்கரை சீட் தந்தனான்" என்றான், கண்ணீர் வராத குறை. முழங்காலில் விழுந்த அம்மாவை எழுப்பிவிட்டார்கள். அவவுக்கு மாத்திரம் ஏமாற்றம்.

லாரா என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கவும் ஆயத்தமாக நின்றேன். "அப்பா, நீங்கள் சிகரட்டையே பத்தியிருக்கலாம். அதுக்கு ஆரும் பஸ்ஸால குதிக்கமாட்டினம்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே புல்லில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன். என் சேட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்து மணந்து பார்த்தாள்.

"சிகரட் மணக்கேல்லையே! கடைசியா எப்ப பத்தினீங்கள்?"

யோசித்தேன். சத்தியமாக நினைவு வரவில்லை. உமது பார்சல் வந்த நாளிலிருந்து ஆணி தேடுகிறேன், சுருள் பூட்டுகிறேன், பஞ்சு சீவுகிறேன், காற்சட்டை கழுவுகிறேன். சிகரட்டுக்குக் கை ஓய்ந்தால்தானே! இதை நான் சொல்ல, அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "இதுவும் பிள்ளைக்குக் கூடாதப்பா. இதையும் விட்டிட்டு வாங்கோ, முதல் ஆளாய் உங்களிட்டைத் தாறன்" என்றாள். விட்டேன். அன்று தொட்டு இன்றுவரை சிகரட்டும் இல்லை, ஆவியும் இல்லை. வெறும் வாய், வெறும் கை. பிளோறன்ஸ் செப்டம்பரிலிருந்து என்னோடு திரும்பவும் கதைக்கிறாள்.

ஆகவே மச்சான், உமது செங்கல், டாங்க், சுருள், திருகி, மிச்சப் பஞ்சு யாவையும் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன். நாளை தபாலில் போடுகிறேன். இனி என்னிடம் திரி என்றோ வலு என்றோ வாய் திறக்கவேண்டாம். டிசம்பரில் நத்தாருக்கு வாரும், வெறுங்கையோடு வாரும். எனக்கு எந்தச் சுகத்தையும் சிம்பிளாக்கித் தரவேண்டாம்.

மச்சாளுக்கும் பிள்ளை லிசாவுக்கும் என் அன்பைச் சொல்லும். ஆண்டவர் உமது வீட்டின் கூரையையும், அதில் கத்துகிற பெட்டியையும், உமது காற்சட்டைப் பைகளையும் காய்ந்தபடியே காப்பாராக.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் விட்டுவிட்ட உமது அத்தான்,
யோசப்.

பி.கு.: கடிதத்தை உறைக்குள் வைக்கும்போது ஜோன்சன் ஃபோன் எடுத்தான். பெண் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம். லாரா சொன்ன சொல் தவறாமல், முதல் ஆளாய் என் கையில்தான் தந்தாள். மூக்கு உமது அக்காவின் மூக்கு, பாவம், வளர வளர மாறும். ஜோன்சனுக்குத்தான் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். விசாரித்தால், இந்த மாதங்களில் எங்கள் குடும்பத்தைப் பார்த்த பதற்றத்தில் பெடியன் ஒளித்து ஒளித்துச் சிகரட் பழகியிருக்கிறான். ஆசுபத்திரி வாசலில் நின்று அழுதான். மருமகன் அழுதால் மாமன் பார்த்துக்கொண்டு நிற்கலாமோ? பெட்டியைப் பிரித்துவிட்டேன். திரி நான்தான் வைத்தேன், அச்சொட்டாக வந்திருக்கிறது. சரியோ என்று பார்க்க முதல் இழுவை நான் இழுத்தேன். அது சரிதானோ என்று பார்க்க இரண்டாவதும் நான்தான். பெடியனின் முறை இன்னும் வரவில்லை. கெதியாய் இரண்டு பக்கெட் பஞ்சும் கொஞ்சம் தடிச்ச கம்பியும் அனுப்பிவிடும். பார்சலில் ஜோன்சனின் பெயரைப் போடும், கடிதத்தை அக்காவுக்குக் காட்டாதேயும்.